விதையைத் தோண்டிப் பார்க்கிறவன்

பஸ் நின்ற பிறகு இறங்குகிற ஆள் இல்லை அவன். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பஸ் எங்கள் பரளச்சிக்குள் நுழையும்போதே படிக்கட்டில் தொங்குவான். வேகம் குறைந்தும் குறையாமலும் இருக்கும்போதே குதித்து, நாலு எட்டு ஓடித்தான் நிற்பான். கண்டக்டர்கள் திட்டித் திட்டி ஓய்ந்தார்கள். "காலு ரெண்டும் அவனுக்குச் சொந்தம். ஒடிஞ்சா அவனே கட்டுப் போட்டுக்கிறட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

பேரைச் சொல்வதில்லை என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாக்குத் தவறினவள் இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, அடுத்த வீடு. இது போதும். எங்கள் பக்கம் மதினிக்கும் கொழுந்தனுக்கும் பேச்சில் வேலி கிடையாது. பெற்றவளிடம் சொல்லக் கூசுவதையும் கட்டினவளிடம் சொல்லப் பயப்படுவதையும் மதினியிடம் கேலி போலச் சொல்லிவிடலாம். அந்த முறை மட்டும் இல்லாவிட்டால் அவன் அந்த வருஷம் பட்ட பாடு எனக்கும் தெரியாமலே போயிருக்கும்.

காத்திருப்பது அவனுக்கு ஆகவே ஆகாது. அவன் கல்யாணத்தில் மேளக்காரர் நாயனத்தை வாயில் வைக்குமுன் தாலியைக் கட்டிவிட்டான். நாத்தனார் போட வேண்டிய மூன்றாவது முடிச்சையும் அவனே போட்டான். அவன் அக்கா அதற்காக ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் என் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் வரக்காப்பி கொதிக்கிற நேரம்கூடப் பொறுக்க மாட்டான். நான் பாதி குடித்து வைத்திருக்கும் டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்துவிடுவான்.

"எச்சிடா, கருமம்."

"மதினி எச்சி மருந்து. வாரேன், லோடு நிக்கிது."

லாரி ஓட்டினான். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போவான். ஊரில் இருக்கும் நாளில் அவன் அம்மாவின் நிலத்தைப் பார்ப்பான். எங்களுடையது மழையை நம்பின கரிசல். மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணைக் கீறி விதையைப் போட்டு மூடிவிடுவோம். புழுதி விதைப்பு என்போம். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, மழை வரும்வரை கிடக்க வேண்டியதுதான். இவன் கிடப்பானா? ஒரு தூறல் விழுந்தால் போதும், மறுநாள் காட்டில் குத்தவைத்து விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பான்.

"ஏலே, தோண்டினா முளைக்கிறதும் முளைக்காது."

"முளைச்சிருக்கா இல்லையான்னு பின்னே எப்படித்தான் தெரியிறது மதினி?"

"முளைச்சா அதுவே தலையக் காட்டும். பொறு."

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் நிலம் முழுக்க ஒருத்தியாக நின்று விளைய வைத்தவள் நான். ஒரு விதையைக்கூடத் தோண்டிப் பார்த்தது கிடையாது.

எய்ட்ஸ் என்ற பேச்சு எங்கள் பக்கம் வந்த புதிது அது. பக்கத்து ஊரில் இன்னொரு லாரிக்காரர் ஆறேழு மாதமாக இளைத்து இளைத்து எலும்பாகி இறந்து போனார். ஊரே அதுதான் என்று சொன்னது. தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை என்றார்கள். அவர் படுத்த பாயையும் தின்ற தட்டையும் ஊருக்கு வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். ஈயத்தட்டு எங்கே எரியும்? கறுத்துப் போய் ஓடைக்கரையில் கிடந்ததை, காட்டுக்குப் போகும்போது நானே பார்த்தேன்.

கொழுந்தன் பெண்டாட்டி அப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். ஆனியில் வளைகாப்புப் போட்டு அழைத்துப் போனார்கள். அவளை அனுப்பும்போதே இவன், "பிள்ளை பிறந்த மறுவாரம் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். தாய் வீட்டில் மூன்று மாதமாவது இருந்துதான் வருவது எங்கள் வழக்கம்.

ஆவணியில் வடக்கே போய்விட்டு வந்தவன் ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தான். என் கையில் பாதி டம்ளர் இருந்தது. அதை எடுக்கவில்லை. அடுப்பில் கொதித்து, இறக்கி, வடிகட்டும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு மடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினான்.

"என்னடா இது, மாமியார் வீட்டுச் சீரா?"

"இதுல ஊத்துங்க மதினி."

குடித்தான். அவனே தேய்த்துக் கழுவினான். என் பாத்திரங்களோடு சேர்க்காமல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதில்மேல் தனியாகக் கவிழ்த்துவைத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. பெண்டாட்டி வீட்டுப் பவிசு ஏறிவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் துண்டும் சோப்பும் தனியாயின. அவன் அம்மா என்னிடம் வந்து, "தட்டைக் கூடத் தொட விடமாட்டேங்கிறான். எவளாச்சும் மருந்து வச்சுட்டாளா?" என்று அழுதாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் எடை காட்டி அட்டை தள்ளுகிற மிஷின் ஒன்று இருந்தது. அவன் அதில் ஏறி நிற்பதை ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்தேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. லாரிக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொள்வான். கழுத்துக்குக் கீழே, கக்கத்தில், விரலால் அமுக்கி அமுக்கி எதையோ தேடுவான். ஒரு தும்மல் வந்தால் முகம் செத்துப் போகும்.

"அந்த லாரிக்காரரு தட்டுல சாப்பிட்டவுகளுக்கும் வருமா மதினி?" என்று ஒருநாள் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? உனக்கெதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற குரல் இல்லை அது.

ஆவணிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. திருச்சுழி ஆஸ்பத்திரியில். பெண் பிள்ளை. அவனும் அவன் அம்மாவும் நானும் போனோம். பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சீனித் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அவன் மாமியார் சின்னக் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள்.

"அப்பன் கையாலயே வைக்கட்டும். என்ன, பிள்ளையும் ஓடுற பஸ்ஸுல குதிக்கும். குதிச்சுட்டுப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம். வேற யாராச்சும் வைங்க."

"முறைக்குத் தொட்டு வைங்க மாப்பிள்ளை."

"வேண்டாம்ன்னா விடுங்களேன்!"

சத்தம் போட்டுவிட்டான். பிள்ளை அலறியது. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே எண்ணம்தான். பெண் பிள்ளை என்பதால்தான் இவனுக்குக் கை வரவில்லை. கட்டிலில் கிடந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொட்டப்பிள்ளைன்னா கை கூசுதோ? உன்னைப் பெத்துப் போட்டவ ஆம்பளையாடா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். கிண்ணத்தை வாங்கி, நானே தொட்டு வைத்தேன். அவன் அந்தப் பழியை அப்படியே தலையில் வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு வந்தோம். அங்கே ஒரு சுவரில் எய்ட்ஸைப் பற்றி எழுதியிருந்தது. அவன் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"என்ன குத்தம்டா பண்ணுச்சு அந்தப் பச்ச மண்ணு?"

"அது ஒண்ணும் பண்ணல மதினி. என் விரலுதான். இது விரலு இல்ல, விஷம்."

பிறகு சொன்னான். வடக்கே ஓர் ஊரில் குடோன் பூட்டிக் கிடந்ததாம். மழை வேறு. லோடு இறக்க நாலு நாளாகும் என்றார்களாம். கூட நின்ற லாரிக்காரர்கள் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்களாம்.

"ஒரே ஒரு தடவை மதினி. சத்தியமா. அந்த நாலு நாளு சும்மா கிடக்க முடியல."

"குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் குடுப்பாகள்ல, அந்த உறையாவது போட்டியா?"

"அதைத் தேடிக்கிட்டு எவன் நிப்பான்?"

செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை அடக்கிக்கொண்டேன். திரும்பி வந்த வாரமே அருப்புக்கோட்டையில் ரத்தம் கொடுத்துப் பார்த்தானாம். இல்லை என்று சொன்னார்களாம். நம்பாமல் இன்னொரு இடத்தில் கொடுத்தானாம். அங்கேயும் இல்லையாம்.

"இல்லைன்னா விட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"இல்லைன்னு சொல்லும்போதே எனக்குள்ள இருக்குன்னு தோணுது. இந்தச் சுவத்தைப் பாருங்க. தெனம் எங்கயாச்சும் கண்ணுல படுது."

சிவப்பில் கொட்டை எழுத்து. எய்ட்ஸ் உயிர்க்கொல்லி, மருந்து இல்லை. அவன் அந்த ஒரு வரியோடு திரும்பிக்கொள்கிறவன். கீழே நீலத்தில் பொடியாக இன்னும் என்னவோ எழுதியிருந்தது. எனக்குப் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். ஆனால் எடுத்ததை முடிக்காமல் விட மாட்டேன். பஸ் வரும்வரை நின்று கூட்டினேன்.

"தொட்டால்... பரவாது. ஒன்றாக... உண்பதால்... பரவாது."

"அப்படியா போட்டிருக்கு?"

"உன் கண்ணு என்ன, மேல மட்டும்தான் பாக்குமா?"

அவனும் படித்தான். இரண்டு தடவை படித்தான். ஆனாலும் மறுநாள் அந்த டம்ளர் மதில்மேல்தான் இருந்தது. பயம் பிடித்தவனுக்குச் சுவர் சொன்னால் போதாது. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பா அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துவந்து என் வீட்டில் வைத்துப் பூட்டினேன்.

மதுரைக்கு நானே அழைத்துப்போனேன். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசுதான். இவன் தலையைக் குனிந்துகொண்டு பாதி விழுங்கிப் பாதி சொன்னான். அந்தம்மா முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"ரொம்ப முந்திக்கிட்டுப் பாத்திருக்கீங்க. உடம்புல கிருமி இருந்தாலும் ரத்தச் சோதனையில தெரிய நாளாகும். அதனால அந்த 'இல்லை'யை வச்சு நிம்மதியாவும் இருக்க முடியாது. அதுக்காக இருக்குன்னும் அர்த்தம் இல்லை. சம்பவம் நடந்து மூணு மாசம் முடிஞ்சு வாங்க."

"ஒரு தடவைக்கு வருமாம்மா?"

"வரலாம், வராமலும் போகலாம். ஒரு தடவையில வராம தப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி. ஆனா வராதுன்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"மூணு மாசம் வரைக்கும் நான் என்னதான் செய்ய?"

"பொறுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த இடத்திலும். ஊரில் எவனுக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் அந்த மருந்தை, இவனுக்கா? அந்தம்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஆணும் பெண்ணும் உறை இல்லாமல் சேர்வதால் வரும். ரத்தத்தால் வரும், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவதால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். டம்ளர், தட்டு, பாய், துண்டு, கொசு எதிலும் வராது.

"பிள்ளையைத் தூக்குங்க, கொஞ்சுங்க. டம்ளரைத் தனியா வச்சு யாரைக் காப்பாத்தப் போறீங்க? காப்பாத்த வேண்டியது உங்க சம்சாரத்தைத்தான். முடிவு தெரியிற வரைக்கும் அவங்களோட உறை இல்லாம சேரக் கூடாது. அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிருங்க."

டம்ளருக்குத் தலையாட்டினான். கடைசிச் சொல்லுக்குத் தலை ஆடவில்லை.

ஊருக்கு வந்து வரக்காப்பி போட்டேன். அவன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்திருப்பான், பிடுங்கி மிச்சத்தை நான் குடித்தேன்.

"மதினி!"

"டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேக்கல?"

தொண்டையில் இறங்கும்போது எனக்கும் கொஞ்சம் பக்கென்றுதான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் விதைத்தோம். அவனும் விதைத்தான். அந்த வருஷம் அவன் காட்டுக்குப் போய்த் தோண்டிப் பார்க்கவில்லை. போட்டது முளைக்க வேண்டும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். இவன் மட்டும், எங்கோ போட்ட ஒன்று முளைக்கக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். மழை வந்தது. பச்சை தெரிந்தது. அதைப் பார்த்தும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தீபாவளி முடிந்து, பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அதைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வந்தாள். கூட்டிவந்த அவள் அப்பா இவன் வீட்டில் கை நனைக்காமல் திரும்பிப் போனார். அவள் அதிர்ந்து பேசாதவள், அழுதாலும் முகம் கழுவிக்கொண்டு வருகிறவள். இரண்டாம் நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இவுகளுக்குப் பிள்ளை மேல வெறுப்பா, என் மேல வெறுப்பா? நான் வீட்டுக்குள்ள வந்தா இவுக வெளிய போறாக."

"ரெண்டு பேர் மேலயும் இல்ல தாயி. மிச்சத்தை அவன் வாயால கேளு."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் அவனை மதிலோரம் நிறுத்தினேன். "எல்லாத்துக்கும் முந்துவியே, இதுல மட்டும் என்ன பிந்துற? அவளுக்குத் தெரியணும்டா. அவ உடம்பு அது" என்றேன்.

மறுநாள் மத்தியானம் சொன்னான். நான் மதிலுக்கு இந்தப்பக்கம் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். அவன் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அழுகை வரும், ஏச்சு வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தது துவைகல் சத்தம்தான். காய்ந்து மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் எடுத்துப் போட்டு அடித்துத் துவைத்தாள். கல் உடைந்துவிடும் போல இருந்தது.

துவைத்து முடித்து, ஒரு பாயைக் கொண்டுவந்து முற்றத்து வேம்படியில் விரித்தாள். பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"பிள்ளையைத் தூக்கலாம்னுதானே சொன்னாக? தூக்குங்க."

அவன் தூக்கினான். மூன்று மாதத்துப் பிள்ளையை முதல் தடவையாக. அவள் உள்ளே போய்விட்டாள். பிற்பாடுதான் என்னிடம் வந்து, பேரைச் சொல்வதில்லை என்ற அந்த வாக்கை வாங்கினாள்.

கார்த்திகையில் மதுரைக்கு மறுபடி போக வேண்டிய நாள் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். அவள் விடவில்லை. "தனியாப் போகட்டுங்க்கா. வடக்க அந்த வீட்டுக்கும் தனியாத்தான போனாக" என்றாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனான். அந்த வாரம் முழுக்க அவள் சமைத்ததைத் தின்றான், பிள்ளையைத் தூக்கினான், வேம்படியில் படுத்தான். லாரியைத் தொடவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. பெண் பிள்ளை பெற்றதற்குப் புருஷனுக்கா தண்டனை என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். உன் வீட்டு அடுப்பைப் பார் என்றேன்.

முடிவு வாங்கப் போன அன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கொத்தமல்லிக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். காடு வேறு திசையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

பஸ் வந்தது. படிக்கட்டில் யாரும் தொங்கவில்லை. குதிக்கவில்லை. பஸ் நன்றாக நின்றது. புழுதி அடங்கியது. சந்தைக் கூடைக்காரிகள் இறங்கினார்கள். ஒரு கிழவர் தடியை ஊன்றி இறங்கினார். அவனைக் காணோம். மருந்து டப்பாவைப் பூட்டி வைத்தேனே, ரயிலைப் பூட்டி வைத்தேனா என்று நினைத்தேன். எல்லோருக்கும் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவன் இறங்கினான்.

"இல்லையாம் மதினி."

"அதை ஓடி வந்து சொன்னா என்னடா?"

"காலு வரல."

அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். நானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புழுதிதான்.

வீட்டில் அவள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னான். டாக்டரம்மா இனிப் பயமில்லை என்றதையும் சொன்னான். அவள் கை நின்றது. "சரி" என்றாள். மறுபடியும் புடைத்தாள். அவன் வேம்படிக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"பாயை எங்க கொண்டு போறீக?"

"அதான் இல்லைன்னு சொல்லிட்டாகள்ல."

"ரத்தம் சொல்லிருச்சு. நான் இன்னும் சொல்லலையே." சுளகை விட்டுத் தலை நிமிரவில்லை. "ரத்தத்துக்கு மூணு மாசம் பொறுத்தீகள்ல? எனக்கும் பொறுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அதைத்தான் கேக்கக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் மதிலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதினி முறை அந்த வாசலோடு முடிந்துவிடும். அவன் திரும்பிப் போய்ப் பாயை விரித்தான்.

மார்கழி வந்தது. அந்த வருஷப் பனி கரிசலே வெளுக்கிற மாதிரி கொட்டியது. விடியலில் நான் சாணி தெளிக்க வரும்போது வேம்படியில் போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டு கிடப்பான். சில நாள் பிள்ளையும் விடிந்ததும் அந்தப் போர்வைக்குள் வந்துவிடும். அவள் கொண்டுவந்து விட்டுப் போவாள்.

ஒருநாள் வரக்காப்பியை என் டம்ளரிலேயே பாதி குடித்து, மிச்சத்தை மதில்மேல் வைத்தேன். எழுந்து வந்து எடுத்துக் குடித்தான். குளிரில் பல் கிட்டியது அவனுக்கு.

"என்ன கொழுந்தனாரே, முளை விட்டுச்சா?" என்றேன்.

மூடிக் கிடந்த கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"தோண்டிப் பாக்கல மதினி."